நாலாவது ஆக்சிஸ்: ஜாப்பைத் திருப்புகிற கணக்கு

50 மில்லிமீட்டர் சதுரக் கட்டை ஒன்று. நான்கு பக்கமும் ஸ்லாட் போட வேண்டும். சாதாரண விஎம்சியில் (ப்ரோகிராம்படி கட்டரை ஓட்டி உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) கட்டர் இடவலம் (எக்ஸ்), முன்பின் (ஒய்), மேல்கீழ் (இசட்) என்று மூன்று திசையில்தான் நகரும். அதனால் ஒரு பக்கம் முடிந்ததும் வைஸைத் தளர்த்தி, கட்டையைப் புரட்டி, பிசிறு துடைத்து, இறுக்கி, திரும்ப ஜீரோ (அளவு தொடங்கும் புள்ளி) எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் இருபது, முப்பது மைக்ரான் எங்காவது நழுவிப் போகும்.

தணலில் மக்காச்சோளம் வாட்டுகிறவரைப் பாருங்கள். பிடித்த கையை விடாமல் கதிரை உருட்டி உருட்டிக் காட்டுவார். நாலாவது ஆக்சிஸ் செய்வதும் அதுதான். மெஷின் டேபிளின் மேல் ஒரு ரோட்டரியை உட்காரவைத்து, அதன் சக் என்ற கவ்வியில் ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய துண்டைப் பிடித்தால், ப்ரோகிராம் சொன்ன டிகிரிக்கு அது ஜாப்பைத் திருப்பிக் கொடுக்கும். எக்ஸ் திசைக்கு இணையாகப் படுத்துச் சுற்றினால் அதற்குப் பெயர் ஏ ஆக்சிஸ். பெரும்பாலான ரோட்டரிகளின் உள்ளே இருப்பது வார்ம் என்ற திருகுத் தண்டும், அதோடு பொருந்தும் வார்ம் வீல் என்ற பல்சக்கரமும்தான். ஜாப்பைக் கையால் திருப்புகிற பழைய டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று வரும். அந்தக் கைப்பிடியின் இடத்தில் இப்போது சர்வோ மோட்டார் இருக்கிறது.

ப்ரோகிராமை, கட்டரின் பாதையைக் கணக்கிடும் கேம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துவிடும். சுற்றுகிற அச்சு மெஷினில் எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அது தவறினால் மற்றதெல்லாம் வீண்.

முதலில் சக்கில் டெஸ்ட் பார் என்ற துல்லியமான நேர்த் தண்டைப் பிடித்து, டயலை (நுண் அசைவை முள்ளால் காட்டும் கருவி) அதன் மேல்முதுகிலும் பக்கவாட்டிலும் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் இருந்தால் அச்சு எக்ஸுக்கு இணை. அப்புறம்தான் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பொருத்துவது. அடுத்து உயரம். பாரின் உச்சியைத் தொட்டு ஆரத்தைக் கழித்தால் மையம் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் சக் துளி கோணலாகப் பிடித்திருந்தாலும் அந்தக் கணக்கு பொய். 0 டிகிரியில் ஒரு தடவை, 180 டிகிரியில் ஒரு தடவை தொட்டு, இரண்டின் சராசரியிலிருந்து ஆரத்தைக் கழிப்பதே சரி.

எடுத்தது சரியா என்று ஜாப்பையே கேட்கலாம். மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு தட்டைமுகம் வெட்டி, 180 டிகிரி திருப்பி இன்னொன்று வெட்டுங்கள். மைக்ரோமீட்டரில் 40 வர வேண்டும். 40.06 வந்தால் இசட் ஜீரோ 0.03 மேலே நிற்கிறது, அல்லது டூல் நீளம் அந்த அளவுக்குத் தவறு. ஒய் பிழையைத் தட்டைமுகம் காட்டிக் கொடுக்காது. அதற்கு இரண்டு பக்கமும் நடுவில் ஸ்லாட் போட்டுப் பார்க்க வேண்டும், ஒய் 0.03 தள்ளியிருந்தால் எதிரெதிர் ஸ்லாட்டுகள் ஒன்றுக்கொன்று 0.06 விலகி நிற்கும்.

சதுரக் கட்டை விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. மையத்திலிருந்து முகம் 25 மில்லிமீட்டர்தானே என்று, திருப்பும்போது கட்டரை 30-இல் நிறுத்தினேன். மூலைக்கு மையத்திலிருந்து 35.36 என்பது உறைக்கவில்லை. 90 டிகிரி ரேபிடில் (முழு வேகத்தில்) சுழன்ற கட்டை, 10 மில்லிமீட்டர் கார்பைட் எண்ட்மில்லை 'டக்'கென்று ஒடித்துப் போட்டது. பித்தாகரஸ் எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

இதுவரை சொன்னது திருப்பி, பிரேக் போட்டு, வெட்டுகிற வேலை. வெட்டும்போதே திருப்புவது வேறு ரகம். பம்பரத்தில் சாட்டை சுற்றுவது போல, தட்டையாக வரைந்த பாதையை உருளை மேல் சுற்றிவிடுவது. 50 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 157.08, ஆக, வரைபடத்தின் 1 மில்லிமீட்டர் 2.29 டிகிரி ஆகிறது. எக்ஸ் 30 நகர்வதற்குள் ஏ 360 திரும்பினால் திருகுக் காடி விழும்.

இங்கே ஃபீடுதான், அதாவது கட்டர் முன்னேறும் வேகம்தான் வம்பு. ப்ரோகிராமில் அதை எஃப் என்று எழுதுவோம். ஏ மட்டும் திரும்பும்போது எஃப்360 என்றால் நிமிடத்துக்கு 360 டிகிரி. 20 விட்டத்தில் அது நிமிடத்துக்கு 62.8 மில்லிமீட்டர், 200 விட்டத்தில் 628. எழுதிய எண் ஒன்றுதான், கட்டர் படும் பாடு பத்து மடங்கு. அதனால்தான் ஜி93 என்ற கட்டளை: வேகத்தை விட்டுவிட்டு நேரத்தைச் சொல்வது. எஃப்4 என்றால் நிமிடத்தை நாலால் வகுத்து, அந்த வரி கால் நிமிடத்தில் முடிய வேண்டும். வரிக்கு வரி எஃப் எழுத வேண்டும். வேலை முடிந்து ஜி94-க்கு (வழக்கமான வேகக் கணக்குக்கு) திரும்ப மறந்தால், அடுத்து வருகிற எஃப்200 என்பதை 0.3 நொடி என்று எடுத்துக்கொண்டு மெஷின் பாயும்.

ஏ350-இல் நிற்கும்போது ஏ0 என்று சொன்னால், செட்டிங்கைப் பொறுத்து ஒரு மெஷின் 10 டிகிரி முன்னே போகும், இன்னொன்று 350 டிகிரி பின்னே சுற்றும். புது மெஷின் என்றால் கட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எம்டிஐயில் (கட்டளையை மெஷினிலேயே நேரடியாக அடிக்கும் முறை) இதை ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்வேன்.