150 கிலோவாட் சார்ஜரில் 60 மட்டும் ஏறுவது ஏன்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜொகானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு மின்சாரக் காரில் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் வரை என்-3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் சார்ஜ் போடுகிறீர்கள். பலகையில் 150 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, திரையில் 61தான் ஓடுகிறது. உடனே சார்ஜர் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் எவ்வளவு வேண்டும் என்று நொடிக்கு நொடி கேட்பது கார். கேட்டதைத் தன்னால் முடிந்தவரை கொடுப்பது மட்டுமே சார்ஜரின் வேலை.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்குள் போவதோ நேர்திசை. வீட்டில் சார்ஜ் போடும்போது இந்த மாற்றத்தைக் காருக்குள் இருக்கும் சிறிய மாற்றி செய்கிறது. சாதாரண மூன்று முனை பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட்; 60 கிலோவாட்-மணி பேட்டரி காலியிலிருந்து நிறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுவரில் 32 ஆம்பியர் பெட்டி மாட்டினால் 7.4 கிலோவாட், ஓர் இரவு போதும். (அதே நேரத்தில் கீசரும் அடுப்பும் ஓடினால் வீட்டின் 60 ஆம்பியர் மெயின் விழுந்துவிடும். பெட்டியை நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்படி வைப்பது நல்லது.) வேகச் சார்ஜரில் அந்த மாற்றி அலமாரி அளவுக்குப் பெரிதாகி வெளியே நிற்கிறது. காரின் மாற்றியைத் தொடாமல் நேர்திசை மின்சாரம் நேராகப் பேட்டரிக்குப் போகிறது.

இங்கே பரவலாக இருப்பது சி.சி.எஸ்.2 பிளக். மேல் பாதி மாறுதிசைச் சார்ஜுக்கு வழக்கமான டைப் 2 பிளக், கீழே தடித்த இரண்டு முனைகள். சொருகியதும் மின்சாரம் பாயாது, முதலில் பேச்சு. காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் பைலட் கம்பியில் சார்ஜர் 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு அனுப்புகிறது. துடிப்பின் அகலம் ஒரு சுற்றில் 5 சதவீதமாக இருந்தால் ‘டிஜிட்டலில் பேசுவோம்’ என்று பொருள். தன் பேட்டரி தாங்கும் வோல்ட், ஆம்பியர் எவ்வளவு என்று கார் சொல்கிறது. பிளக் பூட்டிக்கொள்கிறது. பிறகு சார்ஜர் கேபிளில் உயர் வோல்ட்டை ஏற்றி, தரைக்கு எங்காவது கசிகிறதா என்று பார்க்கிறது. கடைசியாகத் தன் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டோடு சமன் செய்கிறது. சமனில்லாமல் இணைத்தால் பொறி பறந்து, காருக்குள் இருக்கும் சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் முடிந்த பிறகே ஆம்பியர் ஏறத் தொடங்கும்.

‘சார்ஜ் தொடங்கவில்லை’ என்ற செய்தி பெரும்பாலும் இந்தப் பேச்சு நடுவில் அறுந்ததால் வருவது. கேபிள் கனமானது, தன் எடையாலேயே பிளக்கைக் கீழே இழுக்கும். முனைகள் சரியாகப் பதியாவிட்டால் பைலட் குரல் கேட்காது. பிளக்கைக் கையால் சற்றுத் தூக்கி, உள்ளே அழுத்திப் பிடித்தபடி தொடங்கிப் பாருங்கள். மழை நீரோ மண்ணோ உள்ளே போயிருந்தால் கசிவுச் சோதனையில் தோற்கும். அப்போது காரைப் பூட்டி, ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி சொருகுங்கள்.

இனி கணக்கு. உங்கள் கார் பி.ஒய்.டி. ஆட்டோ 3 என்று வைத்துக்கொள்வோம். அதன் பேட்டரியில் 3.2 வோல்ட், 150 ஆம்பியர்-மணி செல்கள் 126 வரிசையாக இருக்கின்றன: 403 வோல்ட், 60.48 கிலோவாட்-மணி. இந்தக் கார் கேட்கும் உச்சம் 88 கிலோவாட். 150 சார்ஜரில் சொருகினாலும், 300-இல் சொருகினாலும் 88தான். 30-லிருந்து 80 சதவீதத்துக்கு 29 நிமிடம் என்கிறது நிறுவனம். அதாவது 30 கிலோவாட்-மணி அரை மணியில், சராசரி 62. ஆக, திரையில் தெரிந்த 61 கோளாறே அல்ல.

பலகையிலுள்ள கிலோவாட்டும் முழு உண்மை சொல்லாது. கேபிள் 125 ஆம்பியர் மட்டுமே தாங்கும் என்றால், 400 வோல்ட் காருக்கு 50 கிலோவாட்டுக்கு மேல் வராது. அதனால் சார்ஜரின் பெயர்ப்பலகையில் ஆம்பியரையும் பாருங்கள். போர்ஷே டைகான் போன்ற 800 வோல்ட் கார்கள் அதே ஆம்பியரில் இரண்டு மடங்கு வாங்கும். ஒரே சார்ஜரில் இரண்டு கேபிள் இருந்து பக்கத்தில் இன்னொரு கார் நின்றால், பல இடங்களில் சக்தி இருவருக்கும் பிரிந்துவிடும்.

பேட்டரிக்குள் நடப்பதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளலாம். லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர வேண்டும். பந்தி காலியாக இருக்கையில் வருகிறவர் எல்லாரும் சட்டென்று உட்காருவார்கள். முக்கால்வாசி நிரம்பிய பின் ஒவ்வொருவரும் இலை தேடி நடக்க வேண்டும். அப்போதும் வாசலில் இருந்து தள்ளினால் உள்ளே இடம் கிடைக்காமல் வாசலிலேயே நிற்பார்கள். பேட்டரியில் அதன் பெயர் லித்தியம் படிதல்: அயனிகள் கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அதில் ஒரு பகுதி திரும்ப வராது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ஊசிபோல் வளர்ந்தால் பேட்டரிக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்டும் ஏற்படலாம். இதைத் தடுக்கத்தான் 80 சதவீதத்தை நெருங்கும்போது கார் தானே கேட்பதைக் குறைக்கிறது. கடைசி 20 சதவீதத்துக்காக நிற்பது, பந்தியில் ரசம் வந்த பிறகு பிரியாணிக்குக் காத்திருப்பது மாதிரி.

குளிரிலும் இதே சிக்கல், இன்னும் மோசமாக. ஜூலை இங்கே குளிர்காலம்; காலையில், வழியிலுள்ள ஹாரிஸ்மித்தில் புல்லெல்லாம் உறைபனி. இரவு முழுக்க வெளியே நின்ற காரை விடிந்ததும் வேகச் சார்ஜரில் சொருகினால், அயனிகள் மந்தமாக நகரும். கார் உச்சத்தில் சிறு பங்கையே கேட்கும். அதே கார் டர்பனிலிருந்து மலையேறி வந்து உடனே சொருகினால் பேட்டரி சூடாக இருக்கும், நன்றாக வாங்கும். அங்கே இரவு தங்குவதாக இருந்தால், வந்த கையோடு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

சூடும் அளவோடுதான் இருக்க வேண்டும். வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பேட்டரியின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 200 ஆம்பியரில் 4 கிலோவாட் வெப்பம், ஒரு வீட்டுக் கீசர் அளவுக்கு. பிப்ரவரி வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சொருகினால், குளிர்விப்பான் திணறி வேகம் குறைவதற்கு இதுவே காரணம்.

பயணத்துக்கு வருவோம். டர்பன் கடல் மட்டத்தில், ஜொகானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். ஆட்களும் சீர்தட்டுகளும் சேர்த்து 2 டன் காரை அவ்வளவு தூக்க மட்டும் 9.5 கிலோவாட்-மணி வேண்டும். பேட்டரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தட்டையான சாலைக்குச் சொன்ன தூரத்தை நம்பி வான் ரீனன் கணவாயை ஒரே மூச்சில் தாண்ட நினைக்காதீர்கள். 15-லிருந்து 70 சதவீதம் வரை இரண்டு முறை நிற்பது, 100 வரை ஒரு முறை நிற்பதைவிட வேகமானது. திரும்பும்போது கணக்கு தலைகீழ். ஹாரிஸ்மித்தில் முழுக்க நிரப்பினால், சற்றுத் தூரத்தில் தொடங்கும் இறக்கத்தில் பிரேக் திருப்பித் தரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் குறைவாகவே இருக்கும். 70-இல் கேபிளைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.