சுழல் நிதி வருமுன் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் முழுக்க வெற்றாக இருந்தது. அடியில் மட்டும் 12 பேரின் ஒப்பம், அதில் மூன்று கைரேகை. "பிறகு எழுதிக்கொள்கிறோம் என்று வாங்கினார்கள்" என்றார் ஓர் அம்மா. அதற்கு முந்தைய பக்கமும் அப்படி ஒப்பம் வாங்கிவிட்டுப் பிறகு நிரப்பியதுதான்: சுழல் நிதி 15,000 ரூபாயை எடுக்க அனைவரும் சம்மதம். பாஸ்புக்கில் பதிவு போட்ட பிறகுதான் பணம் வந்த நாளும் போன நாளும் தெரிந்தன. இடையில் மூன்றே நாள். ஒன்பது பேருக்குப் பணம் வந்த சேதியே தெரியாது.

தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்களை முதலில் தொடங்கியது 1989இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தில். அந்த மண்ணிலேயே இன்னும் இது நடக்கிறது என்பதுதான் பொறுக்கவில்லை.

சுழல் நிதி, குழுவுக்கு அரசு தரும் மானியம். யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டாம்; ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளவும் கூடாது. சேமிப்போடு சேர்ந்து உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுழல வேண்டும். மத்திய அரசு இப்போது சொல்லும் வரம்பு குழுவுக்கு 20,000 முதல் 30,000 ரூபாய் வரை. சமுதாய முதலீட்டு நிதி வேறு. அது குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் வழியாகக் கடனாக வரும். கூட்டமைப்புக்கே திருப்பிக் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிவிட்டுத்தான் சிலர், "மானியத்துக்கு மாதத் தவணை" என்று வசூலிக்கிறார்கள். தவணை கேட்டால் எந்த நிதிக்கு என்று கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

சுழல் நிதிக்குத் தகுதி என்பது ஐந்து பழக்கங்கள்: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுதல், அன்றன்று எழுதிய கணக்கு. இவற்றைப் பார்த்துத்தான் தரமதிப்பீடு செய்வார்கள். முதல் நாள் இரவு உட்கார்ந்து ஒரே பேனாவில் மூன்று மாதக் கணக்கையும் எழுதிக்கொண்டு போகும் குழுக்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

ஆள் எண்ணிக்கையிலும் ஓர் அலைக்கழிப்பு உண்டு. சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் வீடுகள் சிதறிக் கிடக்கும். "பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிதறிய பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கும் ஐந்து பேர் போதும். மாற்றுத்திறனாளிகள் குழுவில் ஆண்களும் சேரலாம். இதை அலுவலரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், தயங்க வேண்டாம்.

அதிகம் அலைய விடுவது வங்கி. சேமிப்புக் கணக்கு தொடங்க 12 பேரும் ஆதாரோடு வர வேண்டும் என்பார்கள். கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வரும் பெண்களிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறதோ! நிர்வாகிகளின் அடையாளச் சான்றுகளே போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அடுத்து, கடன் கேட்கும்போது, "உங்கள் சேமிப்பை எடுக்கக் கூடாது, அது பிணை" என்பார்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்குப் பிணையும் கூடாது, சேமிப்பை முடக்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று. ஒருவரின் கணவர் மாட்டுக் கடன் கட்டவில்லை என்று குழுவுக்கே கடனை மறுப்பார்கள். குடும்பத்தார் வைத்த பாக்கியைக் காட்டிக் குழுவை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாக எழுதியிருக்கிறது. வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவர் உறுப்பினரே என்றாலும், அவரை மட்டும் விலக்கிவிட்டு மற்றவர்களுக்குக் கடன் தரலாம். மேலாளர் வாயால் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பேச்சு மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பணம் வந்ததா என்று குழுவை நடத்தும் ஊக்குநரிடம் கேட்பதோடு விடாதீர்கள். மாதம் ஒருமுறை, ஊக்குநர் அல்லாத ஒருவர் பாஸ்புக்கில் பதிவு போட்டு வந்து, கூட்டத்தில் வாசிக்கட்டும். பணம் எடுக்கும் சீட்டில் முன்கூட்டியே ஒப்பமிட்டு வைக்க வேண்டாம்.

இழுத்தடித்தால் ஒன்றிய அலுவலகத்தில் குழுக்களைக் கவனிக்கும் வட்டார இயக்க மேலாண்மை அலகில் மனுக் கொடுங்கள். இரண்டு நகல் கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். நிதி எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்குப் போனது என்ற ஒரே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்தப் பென்னாகரம் குழு இப்போது நிர்வாகிகளை மாற்றிவிட்டது, மனுவும் கொடுத்திருக்கிறது. அந்த வெற்றுப் பக்கத்தில் குறுக்கே கோடு கிழித்து, தேதி போட்டு, 'இதில் எதுவும் எழுதக் கூடாது' என்று எழுதினார்கள். கைரேகை வைத்திருந்த மூவரில் ஒருவர் இந்த முறை தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.