புது வால்வு ஆம்ப்: முதல் ஒரு மாதம்

சிறு பட்டறையில் கையால் கட்டிய கிட்டார் வால்வு ஆம்ப்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியை) வாங்குபவர் முதலில் பார்ப்பது வாட் எண்ணைத்தான். அது அவ்வளவாக உதவாது. 15 வாட் 30 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது 'கொஞ்சம் அதிகம்', அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். படுக்கையறையில் வாசிக்க 15 வாட்டே மிக அதிகம்.

கவனிக்க வேண்டியது, வால்யூமைத் திருகத் திருக ஒலி எப்படி மாறுகிறது என்பதை. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை முதலில் வாங்குவது பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு. அதன் பெருக்கக் காரணி 100. சர்க்யூட்டில் கிடைப்பது 50, 60 மடங்கு. இப்படி இரண்டு மூன்று கட்டம் தாண்டியதும் அலையின் உச்சிக்கு மேலே இடமில்லாமல் போகிறது. அப்போது அது சட்டென வெட்டுப்படாமல், ஓரம் மழுங்கி நசுங்கும். கிட்டார்காரர்கள் தேடும் கரகரப்பு அதுதான்.

ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபயரும் வால்வாக இருந்தால் இன்னொரு குணமும் சேரும். கம்பியை ஓங்கி அடித்ததும் ஸ்பீக்கரை இயக்கும் பெரிய பவர் வால்வுகள் கரண்டை இழுக்கும். ரெக்டிஃபயரின் உள்தடையால் அவற்றின் பிளேட்டில் (உள்ளிருக்கும் தகட்டில்) உள்ள வோல்டேஜ் இறங்கி, பிறகு மெல்ல ஏறும். அடி விழுந்த கணம் ஒலி அமுங்கி, அடுத்த கணம் விரியும். ப்ளூஸ் வாசிப்பவருக்கு அது சுகம். வேகமான மெட்டல் வாசிப்பவர் வால்வுக்குப் பதில் டயோடு என்ற சிறு பாகம் ரெக்டிஃபயராக உள்ளதை எடுப்பதே மேல்.

இவ்வகை ஆம்ப்களில் பல, ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் ஆகிய ஆம்ப் நிறுவனங்களின் பழைய சர்க்யூட்டுகளின் வாரிசுகள். (மார்ஷலின் ஜேடிஎம்45 ஆம்ப்கூட ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துச் செய்ததுதான்.) கூடுதல் காசு போவது நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கும், பின்னால் எளிதாகப் பழுதுபார்க்கக்கூடிய வயரிங்குக்கும். கையால் சால்டர் செய்ததாலேயே ஒலி இனிக்கும் என்பது வெறும் விற்பனைப் பேச்சு.

முதல் சில நாள் ஒலி காதைக் குத்தினால் ஆம்ப்பைத் திட்ட வேண்டாம். புது ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் விளிம்பும் உட்பகுதியும் விறைப்பாக இருக்கும். பத்து, இருபது மணி நேரம் நன்றாக வாசித்தால் தளரும். ஆனால் 'ஙொய்ங்' என்று ஏதாவது ரீங்கரித்தால் அது வேறு கதை. வால்யூமைக் குறைவாக வைத்து, பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு சின்ன வால்வையும் மெதுவாகத் தட்டுங்கள். முதல் வால்வில் லேசான 'டொக்' கேட்பது சகஜம். மணி போல ஒலித்து நிற்காமல் நீண்டால், அந்த வால்வுக்குள் பாகங்கள் அதிர்கின்றன. ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, அதே எண்ணுள்ள வேறொன்றை மாட்டினால் போதும்.

பவர் வால்வு அப்படியல்ல. சும்மா இருக்கும்போது அதில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பயஸ். அதைத் தனியாகச் செட் செய்யும் ஃபிக்ஸட் பயஸ் ஆம்ப்பில் பவர் வால்வை மாற்றினால் பயஸையும் சரிபார்க்க வேண்டும். இஎல்34 என்ற பவர் வால்வின் பிளேட் தாங்கும் வெப்பம் 25 வாட். சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட், தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு; பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் வால்வுக்கு 39 மில்லிஆம்பியர். கண்ணாடியின் உட்புறம் நீலமாக மினுங்குவது பயப்படும் விஷயமல்ல. உள்ளே சாம்பல் நிறத் தகடே சிவந்து கனன்றால் உடனே அணையுங்கள்.

ஸ்பீக்கரை மாட்டாமல் மட்டும் வாசிக்கவே கூடாது. வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் தேங்கும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாததால், வால்வுகளோடு இணைந்த பிரைமரிப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறி, சாக்கெட்டில் பொறி பறக்கும். சுருளின் இன்சுலேஷன் கருகும். பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று இருக்கும் ஜாக்குகளில், ஸ்பீக்கர் பெட்டி எத்தனை ஓமோ அதில் செருகுங்கள். வயரும் ஸ்பீக்கருக்கானதாக இருக்கட்டும். கிட்டார் கேபிள் ஆகாது.

உள்ளே பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே பழகிய டெக்னீஷியன்கூட கை வைப்பார்.