"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்

சில வாரங்களுக்கு முன், இரவு பதினொன்றரை மணிக்கு, பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் தன் தாயை ஆட்டோவில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எங்கள் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்திற்கு அழைத்து வந்தான். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தாயின் உடலில் காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் குரல் கம்மியிருந்தது, தண்ணீர் விழுங்கவே சிரமப்பட்டார். பையனின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. தாயின் கழுத்தை நெரித்த தந்தையின் கையை விலக்கப் போய் வாங்கிய அடி அது. அதற்கு முன் மூன்று முறை அந்தப் பெண் பிறந்த வீட்டிற்குப் போயிருக்கிறார். மூன்று முறையும் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, "பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆலோசகராக இந்தப் பணிக்கு வந்த நாள் முதல், இதே வாக்கியத்தை எத்தனை வாக்குமூலங்களில் எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அன்றிரவு இருவரையும் முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பினோம். கழுத்தை நெரித்ததாக ஒரு பெண் சொன்னால், தழும்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே இரத்தக்குழாய் சேதமடைந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். அடித்த கை ஒருமுறை கழுத்துக்குப் போய்விட்டால், அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயம் பல மடங்கு கூடிவிட்டது என்றே எங்கள் துறையில் கொள்வோம்.

இனி அந்த வாக்கியத்திற்கு வருகிறேன். அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தகப்பன் இல்லாத வீடு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் "பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தாய்மார்கள் என்னிடம் சொன்ன வீடுகளில், பிள்ளைகளிடம் தனியே பேசும்போது, எந்த இரவு எந்தப் பாத்திரம் பறந்தது என்பதுவரை அவர்கள் சொல்கிறார்கள். போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கும் பிள்ளையைத்தான் நாம் தூங்குவதாக நினைக்கிறோம். எட்டு வயதில் படுக்கையை நனைப்பதும், வகுப்பில் தூங்கி வழிவதும், பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதும் அதன் விளைவாக இருக்கலாம். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, அந்த வீட்டை விட்டு வெளியேறினால் போதும் என்று, முதலில் அன்பாகப் பேசியவனோடு போய்விடுகிறாள். பையன்களோ வளர வளர இரண்டில் ஒன்று செய்கிறார்கள்: ஒன்று, தந்தையைப் போலவே தாயை அதட்டத் தொடங்குகிறார்கள்; அல்லது, நடுவில் பாய்கிறார்கள். நடுவில் பாய்பவன் ஒருநாள் கையில் கிடைத்ததை எடுத்துவிட்டால், அதுவரை பாதிக்கப்பட்டவனாக இருந்த பிள்ளை, மறுநாள் சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பான். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொண்டதற்குக் கிடைக்கும் பலன் இதுதான் என்றால், எதைக் காப்பாற்றினோம்?

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இதைப் படிக்கும் உங்கள் தெருவும் அந்தக் கணக்குக்குள் வருவதுதான்.

எங்களிடம் வந்தாலே விவாகரத்து என்று நினைத்துத் தயங்குகிறார்கள். அது தவறு. மருத்துவம், காவல் உதவி, சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதற்காக, 2015 முதல் நடந்துவரும் மத்திய அரசுத் திட்டம் இது. கட்டணம் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு செய்தால், அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையும், வீட்டிலேயே வசிக்கும் உரிமையும், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும், செலவுக்குப் பணமும் கேட்கலாம். வீட்டை விட்டுக் கணவனை வெளியேறச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. திருமணம் முறிந்தால்தான் இவை கிடைக்கும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். சண்டை முற்றும்போது சமையலறைக்குள் ஓடாதீர்கள். அங்கேதான் கத்தியும் மண்ணெண்ணெயும் இருக்கின்றன. வெளியேறப் போவதாகச் சொல்லி மிரட்டாதீர்கள்; பிரிந்து போகும் நேரமே மிக ஆபத்தான நேரம் என்பதால், சொல்லாமல் போவதே பாதுகாப்பு. பிள்ளைகளிடம், "நடுவில் வராதே, பக்கத்து வீட்டுக்கு ஓடு, அங்கிருந்து 112க்கோ 1098க்கோ கூப்பிடு" என்று இன்றே சொல்லிவைத்து, அவர்களைத் திரும்பச் சொல்லவையுங்கள். 112 அவசர உதவி எண்; 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பெண்களுக்கான உதவி எண் 181 எந்நேரமும் இயங்குகிறது.

ஆசிரியர்களே, அடங்காத பையன் என்று பட்டம் கட்டுவதற்கு முன், நேற்றிரவு தூங்கினாயா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ள அன்று மாலையே தந்தையைக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். அதற்கான விலையை இரவில் அந்தப் பிள்ளைதான் கொடுப்பான்.

உறவினர்களிடம் ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் தங்குமிடத்தில் தாயோடு பெண்பிள்ளைகளும் சிறுவர்களும் இருக்கலாம். வளர்ந்த பையன்களை வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. அன்றிரவு தாயைக் காப்பாற்றி அழைத்து வந்தவனுக்கு, அவள் பக்கத்தில் படுக்க இடமில்லை. தாய் நான்கு உறவினர்களுக்குப் பேசினார். நால்வரும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் மாவுக்கட்டு போட்ட கையோடு அவனை அழைத்துப் போனவர், அவனுடன் படிக்கும் ஒரு பையனின் தாய். நீதிமன்றத்துக்கு வாருங்கள், சாட்சி சொல்லுங்கள் என்றெல்லாம் நான் உங்களைக் கேட்கவில்லை. இரவில் அப்படி ஒரு பையனுக்காகத் தொலைபேசி வந்தால், அவனுக்கு ஒரு பாயை விரித்துக் கொடுங்கள். அவன் எங்கே இருக்கிறான் என்பதை அவனுடைய தந்தையிடம் சொல்லாதீர்கள்.