மின்சாரம் தயாரிக்கவும் மின்சாரம் வேண்டும்: ஹொக்கைடோ 2018

2018 செப்டம்பர் 6 அன்று அதிகாலை 3.07 மணிக்கு, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவை 6.6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அட்சுமா என்ற சிற்றூரில் மட்டும் மலைச்சரிவில் மண் சரிந்து 36 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ பதினெட்டு நிமிடம் கழித்து, 3.25 மணிக்கு, பெரிதாகக் குலுங்காத ஊர்கள் உட்பட அந்தத் தீவு முழுவதும் இருண்டது. ஏறத்தாழ 29.5 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. 1951இல் ஜப்பானில் வட்டார மின் நிறுவனங்கள் அமைக்கப்பட்ட பிறகு, ஒரு வட்டாரம் முழுமையாக மின்சாரம் இழந்தது அதுவே முதல் முறை.

பலமாக நடுங்கியது தீவின் ஒரு பகுதிதான் என்றால், இருள் மட்டும் ஏன் தீவு முழுவதும் பரவியது? மாற்று மின்னோட்டத்தைத் தேக்கி வைக்க முடியாது என்பதுதான் இதற்கு அடிப்படைக் காரணம். ஒரு நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அதே நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் அளவுகோல் அதிர்வெண், அதாவது மாற்று மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை சுழற்சி முடிக்கிறது என்ற எண்ணிக்கை. ஹொக்கைடோவில் அது 50 ஹெர்ட்ஸ். உற்பத்தி குறைந்தால், பாரம் கூடிய மாட்டுவண்டியைப்போல எல்லா ஜெனரேட்டர்களும் ஒருசேர வேகம் குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் டர்பைன் இலைகள் அதிர்ந்து சேதமடையும் என்பதால், நிலையங்கள் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொள்ளும்.

அன்றிரவு தீவின் தேவை சுமார் 3,090 மெகாவாட். அதில் ஏறத்தாழ பாதியை, நிலநடுக்க மையத்துக்கு அருகிலேயே இருந்த தொமதோ-அட்சுமா என்ற ஒரே நிலக்கரி அனல்மின் நிலையம் கொடுத்துக்கொண்டிருந்தது. (பெயரில் தக்காளி எதுவும் இல்லை; தொமகொமாய் நகரின் கிழக்குப் பகுதி என்பதன் சுருக்கம் அது.) நிலம் நடுங்கியவுடன் அதன் 2ஆம், 4ஆம் அலகுகள் (தனித்தனிக் கொதிகலனும் டர்பைனும் கொண்ட உற்பத்திப் பிரிவுகள்) நின்றன; 1,160 மெகாவாட் ஒரே வீச்சில் போனது. அதிர்வெண் 46.13 ஹெர்ட்ஸ் வரை விழுந்தது. தானியங்கி ரிலேக்கள் லட்சக்கணக்கான வீடுகளின் இணைப்பைத் துண்டித்துத் தேவையைக் குறைத்தன. கடலடிக் கேபிள் வழியாக ஹோன்ஷு தீவிலிருந்தும் அவசர மின்சாரம் வந்தது. அதிர்வெண் மீண்டும் 50க்கு ஏறியது. அப்போதுதான், மின்சாரம் இன்னும் இருந்த வீடுகளில், அதிர்ச்சியில் விழித்த மக்கள் விளக்கைப் போட்டார்கள். செய்தி பார்க்கத் தொலைக்காட்சியைப் போட்டார்கள். தேவை மெல்ல ஏறியது. சேதமடைந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்த 1ஆம் அலகின் உற்பத்தியோ இறங்கிக்கொண்டே வந்து, 3.25 மணியளவில் நின்றுபோனது. அதன்பின் மிஞ்சியிருந்த நிலையங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

சேதமடையாத நிலையங்கள் தீவில் பல இருந்தன. அவற்றின் பொத்தானை அழுத்தி உடனே ஓட்டியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். முடியாது, ஏனெனில், ஒரு பெரிய அனல்மின் நிலையம் தானாக எழுந்து நிற்காது. நிலக்கரியை அரைக்கும் ஆலைகள், கொதிகலனுக்குள் நீரைத் தள்ளும் பம்புகள், காற்றை ஊதும் பெரும் விசிறிகள் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. வெளியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் நிலையத்துக்குள் அடுப்பையே மூட்ட முடியும். முழு இருளில் அந்த முதல் மின்சாரத்தை உண்டாக்குவதைப் பொறியாளர்கள் ‘பிளாக் ஸ்டார்ட்’ என்பார்கள்.

இதற்கு உகந்தது நீர்மின் நிலையம். மதகைத் திறக்கவும் ஜெனரேட்டரின் காந்தச் சுருளுக்கு ஊட்டவும் தேவையான சிறிதளவு மின்சாரத்தை ஒரு பேட்டரியோ டீசல் ஜெனரேட்டரோ கொடுத்துவிடும்; மீதி வேலையை மேலிருந்து விழும் நீரே பார்த்துக்கொள்ளும். ஹோன்ஷுவிலிருந்து வந்த கேபிள் இதற்கு உதவியிருக்கலாமே என்றால், அது நேர்மின்னோட்டக் கேபிள். அதை மாற்று மின்னோட்டமாக்கும் பழைய வகைக் கருவி இயங்குவதற்கு, ஹொக்கைடோ பக்கத்திலும் ஏற்கெனவே மாற்று மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மறுகரையில் மின்சாரம் தயாராக இருந்தும், வாங்கிக்கொள்ள இக்கரையில் ஆளில்லாத நிலை.

ஆகவே பொறியாளர்கள் தீவிலிருந்த நீர்மின் நிலையத்தை ஓட்டி, அங்கிருந்து ஒரு கம்பிப்பாதையை மட்டும் உயிர்ப்பித்து, அடுத்த துணை மின்நிலையம், அதற்கடுத்தது என்று நகர்ந்தார்கள். முதல் முயற்சி காலை 6.21 மணியளவில் தோற்றது. நீண்ட நேரம் அணைந்திருந்த பெரிய டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுக்கும் கணத்தில், அதன் இரும்பு உட்கரு காந்தமேறுவதற்காக வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சும். வலுவான மின்கட்டமைப்புக்கு இது ஒரு சிறு குலுக்கல். ஓரிரண்டு ஜெனரேட்டர்களில் தொங்கிக்கொண்டிருக்கும் குட்டிக் கட்டமைப்புக்கு அதுவே பேரிடி. இத்தகைய ஓர் அசாதாரண மின்னோட்டத்தால் பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்து எல்லாம் மறுபடி அணைந்தது. உடனே இரண்டாம் முறை தொடங்கினார்கள்; அது நிலைத்தது.

சுமையே இல்லாத நீண்ட கம்பியும் தொல்லைதான். அதன் மறுமுனையில் மின்னழுத்தம் தானாகவே உயர்ந்து, இன்சுலேட்டர்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் பதம் பார்க்கும். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் உற்பத்தி, அதற்கு ஈடாகக் கொஞ்சம் வீடுகள் என்று மாறி மாறிச் சேர்க்க வேண்டும். அந்த வீடுகளையும் நம்ப முடியாது. பல மணி நேரம் அணைந்திருந்த பகுதிக்கு மின்சாரம் கொடுத்தால், குளிர்சாதனப் பெட்டிகளும் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கி, சாதாரண நாளைவிட அதிகம் கேட்கும். மின்தடை நீக்கம் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று எரிச்சல்படுகிறவர்கள், தாமதத்தின் பெரும்பகுதி நிதானம்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. தொமரி அணுமின் நிலையம் 2012 முதலே ஓடாமல் இருந்தது. ஆனாலும் அதன் குளத்தில் 1,527 பயன்படுத்தப்பட்ட எரிபொருள் கட்டுகள் இருந்தன, அவற்றைக் குளிர்விக்கும் நீர் சுழல வேண்டும். சுமார் ஒன்பதரை மணி நேரம் அதை டீசல் ஜெனரேட்டர்கள் பார்த்துக்கொண்டன. சுனகாவா நிலக்கரி நிலையம் அன்று பிற்பகலில் இணைந்தது. ஏறத்தாழ 45 மணி நேரத்தில் 99 சதவீத இணைப்புகளுக்கு மின்சாரம் திரும்பியது.

அந்த இடைவெளியில் அதிகம் தவித்தவை பால் பண்ணைகள். கறவை மாட்டை வேளைக்குக் கறக்காவிட்டால் மடி வீங்கி நோய் வரும். கறவை இயந்திரமோ மின்சாரத்தில் ஓடுவது. ஜெனரேட்டர் வைத்திருந்த பண்ணைகளில் கறந்த பாலையும், பதப்படுத்தும் ஆலைகள் நின்றுபோனதால் கொட்டவேண்டி வந்தது. செய்கோமார்ட் என்ற உள்ளூர்க் கடைகளில், வெளியே நின்ற காரிலிருந்து ஒயர் இழுத்துக் கல்லாப்பெட்டியை ஓட்டி, எரிவாயு அடுப்பில் சோறு வடித்து விற்றார்கள்.

இணைப்பு திரும்பியதே தவிர நெருக்கடி தீரவில்லை. நிலநடுக்கத்துக்கு முந்தைய நாளின் உச்சத் தேவை 3,830 மெகாவாட். கையிருப்பு அதற்குப் போதவில்லை. மக்களிடம் 20 சதவீதச் சிக்கனம் கோரப்பட்டது. தொமதோ-அட்சுமாவைச் சீராக்குவதற்கோ அவசரப்பட வழியே இல்லை. பெரிய கொதிகலன் தரையில் நிற்பதில்லை. சூடேறும்போது கீழ்நோக்கி விரிய இடம் வேண்டும் என்பதால், உயரமான எஃகுச் சட்டத்தின் உச்சியிலிருந்து தொங்கவிடப்பட்டிருக்கும். நிலம் நடுங்கினால் அந்தப் பெரும் பாரம் ஊசலாடும். உள்ளே நெருக்கமாக நிற்கும் நீராவிக் குழாய்கள் விரிசல் காணும். 2ஆம் அலகில் அப்படிப் பதினொரு குழாய்கள் சேதமாயின. அவற்றைப் பார்க்கக்கூட, கொதிகலன் ஆள் நுழையும் அளவுக்கு ஆறவேண்டும். பிறகு உள்ளே சாரம் கட்டி, கெட்ட துண்டை வெட்டியெடுத்து, புதியதைப் பற்றவைத்து, நீரழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். 4ஆம் அலகில் டர்பைனே தீப்பிடித்திருந்தது. நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும் டர்பைனைத் திடீரெனக் குளிர்வித்தால் தண்டு வளைந்துவிடும் என்பதால், அது தானாக ஆறும்வரை மூடியைத் திறக்க முடியாது. 1ஆம் அலகு செப்டம்பர் 19இலும், 4ஆம் அலகு 25இலும், 2ஆம் அலகு அக்டோபர் 10இலும் திரும்பின.

ஒரே நிலையத்தின் மேல் பாதிச் சுமையை வைத்ததுதான் அன்றைய பெரும் பலவீனம் என்பது என் கருத்து. நிலநடுக்கம் அதை வெளிக்காட்டியது. 2019 மார்ச்சில் 300 மெகாவாட் திறனுள்ள இரண்டாவது இணைப்பு தயாரானது. கடலுக்கடியில் ரயில் ஓடும் செய்கான் சுரங்கத்தின் வழியாகவே அதன் கேபிள் செல்கிறது. புதிய வகை மாற்றுக் கருவியோடு வந்திருப்பதால், ஹொக்கைடோ முழுதும் அணைந்துகிடந்தாலும் ஹோன்ஷுவின் மின்சாரத்தைக் கொண்டு முதல் துணை மின்நிலையத்தை அதனால் உயிர்ப்பிக்க முடியும்.