தோஸ்து: சொல் விளக்கம்

வடசென்னைப் பேச்சில் நெருங்கிய நட்புடையவரைக் குறிக்கும் ‘தோஸ்து’, ‘தோஸ்த்’ என்னும் பாரசீகச் சொல். உருது வழியாக நம்மிடம் வந்தது. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் மரபன்று என்பதால் ஈற்றில் உகரம் ஏறிக்கொண்டது. 1768இல் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை எழுந்தபின் நகரில் உருதுவின் புழக்கம் பெருகியது.

பாரசீக இலக்கணத்தில் பால் பாகுபாடு இல்லை. உருதுவில் பெண்ணுக்குப் பெண் தோழியாயின் ‘சஹேலி’ என்பர். வடசென்னையில் நிலைத்ததோ இருபாலுக்கும் பொதுவான தோஸ்துதான். காசிமேட்டில் மீன் விற்கும் தாயின் மகளும், சௌகார்பேட்டையில் அடகுக்கடை நடத்தும் மார்வாடிக் குடும்பத்துப் பெண்ணும் ஒரே வகுப்பில் படிக்க நேர்ந்தால், ஒருத்தி டப்பாவில் நெத்திலிக் குழம்பும் மற்றவள் டப்பாவில் வெங்காயமும் பூண்டும் சேராத சப்பாத்தியும் இருக்கும். உணவை மாற்றிக்கொள்ள முடியாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து உண்டு, மாங்காய்த் துண்டை மட்டும் பங்கிட்டுக்கொண்டு, “இவ என் தோஸ்து” என்று பிறரிடம் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. வீட்டில் ஒருத்தி மார்வாடி பேசினாலும், இருவருக்கும் பொதுவான மொழி அந்தத் தெருத் தமிழ்தான்.

பெண்ணைக் குறிக்கையில் தோஸ்துக்கு நேரான தமிழ்ச்சொல் தோழி. ‘சிநேகிதி’யும் வழக்கில் உண்டெனினும் அது வடமொழி வழிவந்தது. “தோழி தானே செவிலி மகளே” என்கிறது தொல்காப்பியம். அதாவது, காதலைப் பாடும் அக இலக்கியத்தின் தோழி தலைவியை வளர்த்த செவிலியின் மகள். உடன் வளர்ந்தவளே ஆயினும் தலைவிக்கு நிகரான குடிநிலை உடையவள் அல்லள். ஆனாலும் களவை, அதாவது தலைவியின் மறைவான காதலை, மறைப்பவளும், தலைவனைக் கடிந்து வரைவுக்கு, அதாவது திருமணத்துக்கு, நெருக்குபவளும், தாய்க்கு உண்மையை உணர்த்துபவளும் அவளே. நிலையில் தாழ்ந்தவள் உரிமையில் தாழாதிருப்பதை அந்தப் பாடல்கள் எவ்வளவு இயல்பாகக் காட்டுகின்றன! தோழி என்றால் ஏவலாள் என்று பொருள் கொண்டு இச்சொல்லை ஒதுக்குவோர், இந்த உரிமையைக் காணத் தவறுகின்றனர் என்பது என் கருத்து. இன்றைய வழக்கிலோ அந்த ஏற்றத்தாழ்வும் சொல்லிலிருந்து நீங்கிவிட்டது.

ஆகவே, கட்டுரையில் பெண்ணைச் சுட்டும்போது ‘தோழி’ என்றும், உறவைச் சுட்டும்போது ‘தோழமை’ என்றும் எழுதலாம்: “அவளோட தோஸ்து ஆயிட்டேன்” என்பது “அவளோடு தோழமை கொண்டேன்” என்றாகும். கதை மாந்தர் வடசென்னைச் சிறுமியர் எனில், உரையாடலில் தோஸ்துவைத் திருத்த வேண்டியதில்லை.