சர்க்கேடியன் ரிதம்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

தூக்கத்தைப் பற்றி எதைப் படித்தாலும் 'சர்க்கேடியன் ரிதம்' வந்துவிடுகிறது. தமிழில் இதைப் பலரும் 'உயிர்க் கடிகாரம்' என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் அது கடிகாரத்தின் பெயர். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திட்டு இருக்கிறதே, அதைக் கடிகாரம் எனலாம். அது ஓட்டுகிற சுழற்சி, அதாவது தூக்கமும் உடல் வெப்பமும் நாள்தோறும் ஏறி இறங்குவது, அதுதான் சர்க்கேடியன் ரிதம்.

1959-இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் என்ற ஆய்வாளர் உருவாக்கிய சொல் இது. லத்தீனில் 'சிர்கா' என்றால் ஏறத்தாழ, 'டியெஸ்' என்றால் நாள். அந்த 'ஏறத்தாழ'வை விட்டுவிட்டால் சொல்லே செத்துப்போகும். ஏனென்றால் மனித உடலின் நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம். தினமும் கண்ணில் படும் வெளிச்சம்தான் அதை 24-க்கு இழுத்துக்கொண்டு வருகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு, நேர உணர்வும் இதுவும் ஒன்றுதான் என்று நினைப்பது. 1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கைக்கடிகாரம்கூட இல்லாமல் இரண்டு மாதம் குகைக்குள் இருந்தார். வெளியே வந்த நாள் செப்டம்பர் 14, அவர் கணக்கிலோ ஆகஸ்ட் 20! நொடிக்கு ஒன்று என்று 120 வரை எண்ணச் சொன்னபோது ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார், தனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது என்ற நம்பிக்கையோடு. ஆனால் அவருடைய தூக்கமும் விழிப்பும் சராசரியாக 24½ மணிக்கு ஒரு முறை சுழன்றுகொண்டுதான் இருந்தன. மனம் 25 நாளைத் தொலைத்திருக்கிறது, உடல் தொலைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது.

சரி, தமிழ்ச் சொல்? 'நாட்சீர்' சுருக்கமானது, ஆனால் 'ஏறத்தாழ' அதில் இல்லை. 'பத்து மணியை ஒட்டி வருகிறேன்' என்கிறோமே, அந்த 'ஒட்டி' இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. 'சீர்' ஒழுங்கையும் குறிக்கும், செய்யுளின் தாள அளவையும் குறிக்கும். அதனால் என் தேர்வு 'நாளொட்டிய சீர்'. 'இரவு ஷிஃப்டில் நாளொட்டிய சீர் கலைந்துபோகிறது' என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறுத்தாது.